ஐந்தரைக் கட்டையிலிருந்து நான்குக்கு: மந்தைவெளியில் ஒரு பாட்டு வகுப்பு

சென்ற ஜூலை முதல் சென்னை மந்தைவெளியில் ஒரு டீச்சரிடம் தனியாகக் கர்நாடக சங்கீத வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டு வருகிறேன். வாரத்துக்கு இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் 45 நிமிடம், மாதம் 4,000 ரூபாய். "இந்த வயதில் தனி வகுப்புக்கு இவ்வளவு பணமா? எல்லோரோடும் சேர்ந்து கற்றுக்கொண்டால் ஆகாதா?" என்று என்னைக் கேட்காதவர்கள் குறைவு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். தன் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று டீச்சர் கேட்டுக்கொண்டார்; அதனால் போடவில்லை.

நான் 26 ஆண்டுகளாகப் பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பாட்டு கற்க வேண்டும் என்பது சிறு வயது ஆசை. 49 வயதில்தான் வாய்த்தது. முதலில் வேளச்சேரியில் வீட்டருகே ஒரு குழு வகுப்பில் சேர்ந்தேன். பதினான்கு பெண்கள், ஒரு கூடம், நடுவே ஆதார ஸ்வரத்தை ஒலித்துக்கொண்டே இருக்கும் ஒரு சுருதிப் பெட்டி. அது எப்போதும் ஐந்தரைக் கட்டையில்தான் இருக்கும். கட்டை என்பது ஷட்ஜம் (ச) எந்த உயரத்தில் நிற்கிறது என்பதன் அளவு; எண் கூடினால் உயரமும் கூடும். பெண் குரல் என்றால் ஐந்தரை என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமே இல்லை. மேல் ஷட்ஜத்தைத் தாண்டினால் எனக்குக் கழுத்து நரம்பு புடைத்துக்கொள்ளும். சொன்னபோது, சாதகம் (பாட்டுப் பயிற்சி) போதவில்லை என்றார்கள். நம்பினேன். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து அதே ஐந்தரையில் நான்கு மாதம் சாதகம் செய்தேன். ஒரு திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்க வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. குரல் நாண்கள் வீங்கியிருப்பதாக மருத்துவர் சொன்னார்.

இந்த டீச்சரிடம் போன முதல் நாள் இதையெல்லாம் சொன்னேன். மருத்துவர் பாடலாம் என்று எழுதித் தரும்வரை வகுப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார். மூன்று வாரம் காத்திருந்தேன். அந்த மூன்று வாரத்துக்குக் கட்டணமும் வாங்கவில்லை. கூடவே, செருமித் தொண்டையைச் சரிசெய்யும் பழக்கத்தை விடச் சொன்னார். செருமல் வரும்போதெல்லாம் ஒரு வாய் தண்ணீர் விழுங்க வேண்டும். வகுப்பறையில் நான் ஒரு நாளைக்கு எத்தனை முறை செருமுகிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

பிறகு வந்த முதல் வகுப்பை நான் மறக்க மாட்டேன். தொடக்கப் பாடமான சரளி வரிசை இல்லை, ஒன்றும் இல்லை. "பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுங்கள்" என்றார். சாதாரணமாகச் சொன்னேன். நான் பேசும் குரல் எங்கே நிற்கிறது என்று தம்புராவில் தேடிக்கொண்டிருந்தார். அடுத்து ஒவ்வொரு கட்டையாகச் சுருதியை மாற்றி, கீழே மந்தர பஞ்சமத்தையும் (கீழ் ப) மேலே தார மத்யமத்தையும் (மேல் ம) மெல்லத் தொடச் சொன்னார். ஐந்தரையில் கீழே சுலபம், மேலே கிட்டவே இல்லை. ஐந்தில் மேலே கிறீச்சென்றது. நான்கில் இரண்டு முனையும் கிடைத்தன. "உங்கள் சுருதி நான்கு கட்டை. இனி யார் கேட்டாலும் இதையே சொல்லுங்கள்" என்று என் நோட்டில் எழுதிக் கொடுத்தார். ஐந்தரைக்கும் நான்குக்கும் இடையே மூன்றே ஸ்வர ஸ்தானம்தான் (ச முதல் மேல் ச வரை பன்னிரண்டு). அந்த மூன்றுக்காக நான் ஒரு குரலையே இழக்கப் பார்த்தேன். பதினான்கு பேருக்கு ஒரே பெட்டி என்றால் இதை யார் கவனிப்பது?

அடுத்த சிக்கல் ரிஷபம், அதாவது ரி. சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குவார்கள். அதில் வருவது சுத்த ரிஷபம், ஷட்ஜத்தை ஒட்டியே இருக்கும். நான் அதைப் பாதி வழி மேலே தூக்கிவிடுவேன். குழு வகுப்பில் ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை. பதினான்கு குரலில் என் தவறு கரைந்து போயிருக்கும். டீச்சர் அதைத் திருத்திய விதம் அழகு. "ச ரி"யை விட்டுவிட்டு "ப த" பாடச் சொன்னார். அது எனக்குச் சரியாக வந்தது. "இதே இடைவெளிதான் அங்கேயும்" என்றார். வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன்: ச ரி க ம என்பதில் ஸ்வரங்களுக்கு இடையே ஒன்று, மூன்று, ஒன்று ஸ்தானம். ப த நி ச என்பதிலும் ஒன்று, மூன்று, ஒன்று. ஒரே வடிவம் இரண்டு முறை. தொடக்கப் பாடத்துக்கு இந்த ராகத்தைத் தேர்ந்தெடுத்த நம் முன்னோரை நினைத்து அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. மறுவாரம் ரிஷபம் இடத்தில் உட்கார்ந்தது.

குறைகளும் உண்டு. முதல் ஆறு மாதம் பாடத்தைப் பதிவு செய்ய விடமாட்டார். காது பழக வேண்டும் என்பது அவர் வாதம். எனக்கு இதில் உடன்பாடில்லை. வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு வகுப்புக்கு நடுவே பாடம் நழுவிவிடுகிறது. வற்புறுத்திக் கேட்ட பிறகு, ராகம் ஏறி இறங்கும் ஆரோகண அவரோகணத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிந்துகொள்ள அனுமதித்தார். மார்கழியில் கச்சேரிகளுக்காக மூன்று வாரம் வகுப்பு இல்லை. ஈடாகக் கிடைத்தவை மூன்று வகுப்புதான். இரண்டாம் மாடி, லிப்ட் இல்லை. மெட்ரோ வேலைக்காகத் தெருக்களைத் தோண்டியிருப்பதால் வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்காது. நான் பறக்கும் ரயிலில் மந்தைவெளி நிலையத்தில் இறங்கி நடந்துவிடுகிறேன்.

வேகத்தையும் சொல்லிவிட வேண்டும். சரளி வரிசையில் மட்டும் நான்கு மாதம் இருந்தேன். மூன்றாம் காலத்தில் (வேகத்தில்) ஓர் அட்சரத்துக்கு, அதாவது ஒரு தாள எண்ணிக்கைக்கு, நான்கு ஸ்வரம் தெளிவாக விழும்வரை அடுத்த பாடமான ஜண்டைக்குப் போக விடவில்லை. ஆறு மாதத்தில் மேடையில் இரண்டு பாட்டு பாட வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. ஆனால் தொண்டை நோகாமல், தன் குரலில், நெடுநாள் பாட விரும்பும் நடுத்தர வயதுப் பெண்கள், அதிலும் என்னைப் போல் நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கும் ஆசிரியைகள், தாராளமாக இப்படி ஒரு தனி வகுப்பைத் தேடிப் போகலாம். எங்கே போனாலும் முதல் நாளே உங்கள் சுருதி என்ன என்று கேளுங்கள். பாட வைத்துப் பார்க்காமலே ஒரு கட்டையைச் சொன்னால் அங்கே பணம் கட்டாதீர்கள்.

அதன்பின் வரும் அலங்காரங்கள் என்ற தாளப் பயிற்சியும் முடிந்து இப்போது மலஹரி ராகத்தில் கீதம் என்ற எளிய பாட்டு ஓடுகிறது. ஏறும்போது காந்தாரம் (க) இல்லை, நிஷாதம் (நி) எங்கேயுமே கிடையாது. இத்தனை மாதம் பழகிய நாக்கு அவற்றை எடுக்கப் போகிறது. அப்படித் தவறினால் டீச்சர் தாளத்தை நிறுத்தாமல் விரலை மட்டும் உயர்த்துகிறார். நேற்று முழுக் கீதத்திலும் அந்த விரல் இரண்டு முறைதான் உயர்ந்தது.