பாட்டுப் பாடாத பாட்டி சேர்: ஒரு தாத்தாவின் ரிவ்யூ

இரண்டு வயது தாண்டிய பேரனுக்காக வாங்கிய, தரையில் வைக்கிற சாதாரண பாட்டி சேர் (potty chair, டயப்பரை விட்டுக் குழந்தை உச்சா, ஆய் போகப் பழகுகிற குட்டி நாற்காலி) இது. பாட்டு பாடாது, விளக்கு எரியாது, வாத்து முகமும் கார் ஸ்டியரிங்கும் கிடையாது. வெளிக்கூடு ஒன்று, தனியாகத் தூக்கி எடுக்கிற கிண்ணம் ஒன்று, மூடி ஒன்று, அவ்வளவுதான். என் மதிப்பெண் 5-க்கு 4. பிராண்டு பெயர் எழுதவில்லை. இதே அமைப்பில் பல கம்பெனிகள் போடுகின்றன. எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்துகொண்டால் பெயர் தேவைப்படாது.

நான் பிளாஸ்டிக் மோல்டிங் தொழிலில் இருந்து ரிட்டயர் ஆனவன். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவதால் பகலில் பேரன் என் பொறுப்பு. டயப்பரை நிறுத்தும் திட்டத்தைப் போட்டது மகள். களத்தில் நின்றது நான்.

பெட்டியைப் பிரித்ததும் விளிம்பு முழுக்க விரலால் தடவிப் பார்த்தேன். அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் பிளாஸ்டிக் மெல்லிசாக வழிந்து பிசிறு நிற்கும். வாளியிலும் தொட்டியிலும் அதை யாரும் கண்டுகொள்வதில்லை. குழந்தையின் தொடை படுகிற இடத்தில் இருந்தால் கீறிவிடும். ஒரு தடவை உட்கார்ந்து வலித்துவிட்டால் மறுபடி அந்தப் பக்கமே வர மாட்டான். இந்தச் சேரில் சேரும் கோடு இருக்கைக்குக் கீழே, கை படாத இடத்தில் இருக்கிறது. வடிவமைத்தவர் யோசித்திருக்கிறார். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று பொறித்திருக்கும், அதாவது பாலிப்ரொப்பிலீன். சூடான தண்ணீர் தாங்கும், லேசில் உடையாது, இந்த வேலைக்குச் சரியான சரக்கு. கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள். கீறல் விழுந்தால் அழுக்கும் வாடையும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு எத்தனை கழுவினாலும் போகாது.

அடுத்தது உயரம். கடையில் கலரையும் பொம்மையையும் பார்க்கிறார்கள், இதைப் பார்ப்பதில்லை. குழந்தையின் முழங்கால் பின்மடிப்பிலிருந்து குதிகால் வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். இருக்கை அதைவிட ஒரு விரல் கட்டை தாழ்வாக இருந்தால் நல்லது. உட்கார்ந்ததும் பாதம் முழுசாகத் தரையில் படிய வேண்டும், முழங்கால் இடுப்பைவிடச் சற்று மேலே நிற்க வேண்டும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. மலக்குடலை ஒரு தசை பின்பக்கத்திலிருந்து கொக்கி போட்ட மாதிரி இழுத்து மடக்கி வைத்திருக்கிறது. அந்த மடிப்பு இருப்பதால்தான் நடக்கும்போதும் நிற்கும்போதும் நம்மால் அடக்க முடிகிறது. முழங்கால் உயர்ந்து, உடம்பு லேசாக முன்னால் சாயும்போது அந்தத் தசை தளர்ந்து வழி நேராகிறது. காலை அந்தரத்தில் தொங்கவிட்டால் குழந்தை விழாமல் இருக்க உடம்பையே இறுக்கிப் பிடிக்கும். இறுக்கிக்கொண்டு எதை வெளியே விடுவது? என் பேரன் இந்தச் சேரில் இரண்டு பாதத்தையும் ஊன்றி, முழங்கையைத் தொடையில் முட்டுக்கொடுத்து, ஏதோ பஞ்சாயத்துக்குத் தலைமை தாங்குகிற தோரணையில் உட்காருவான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உயரம் சரியாக இருந்தால் உடம்பு தானாக அப்படி அமைந்துகொள்கிறது.

பையன்களுக்கு முன்பக்கம் தெறிக்காமல் இருக்க ஒரு தடுப்பு வேண்டும். சில மாடல்களில் அது கொம்பு மாதிரி உயர்ந்து நிற்கும், கழற்றி மாட்டுகிற தனித் துண்டாகவும் வரும். உட்காரும்போதோ எழும்போதோ அதில் இடித்துக்கொண்டால் வலி எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை. இதில் கிண்ணத்தின் முன்விளிம்பையே வழவழப்பாக மேலே ஏற்றி வளைத்திருக்கிறார்கள். முழுசாகத் தடுக்கிறதா என்றால் இல்லை, பையன் நிமிர்ந்து சாய்ந்தால் தாண்டும். முன்னால் குனிந்து உட்காரச் சொல்லுங்கள். நின்றுகொண்டு உச்சா போவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் இரண்டுக்கும் உட்காரப் பழக்குவதே சுலபம், எது எப்போது வரும் என்று அவனுக்கே இன்னும் பிரித்துத் தெரியாது.

கிண்ணம் மேல்பக்கமாக வருகிறதா, பின்பக்கமாக உருவ வேண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பின்பக்கம் உருவுகிற வகையில் கொஞ்சம் சாய்ந்தால் போதும், தரையில் ஊற்றிவிடும். இதில் மேலே தூக்கலாம், இரண்டு பக்கமும் பிடி இருக்கிறது. கிண்ணத்தின் உள்மூலைகள் உருண்டையாக இருப்பதால் கழுவுவது சுலபம். உச்சா மட்டும் என்றால் உடனே கொட்டி அலசினால் போதும். தள்ளிப்போட்டால் அடியில் வெள்ளையாக உப்பு படியும். வினிகரைத் தண்ணீரில் கலந்து ஊறவைத்தால் விட்டுவிடும். பிளீச்சை மட்டும் அதோடு சேர்க்காதீர்கள். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், சிறுநீரோடு சேர்ந்தாலும் மூச்சை அடைக்கிற வாயு வரும். குளியலறை சின்ன இடம், குழந்தை பக்கத்திலேயே நிற்பான்.

அடியில் நான்கு ரப்பர் பட்டை. ஈரத் தரையிலும் நகரவில்லை. குழந்தை சட்டென்று எழும்போது சேர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை.

மூடிதான் வேஸ்ட். கீல் கிடையாது, சும்மா மேலே உட்காருகிறது. பேரனுக்கு அது தட்டு, தொப்பி, ஸ்டியரிங், தாளம் போடும் கருவி. எங்கே போனது என்று தேடுவது என் வேலை. ஒரு மார்க் போனது அதற்கு.

இப்போது பாட்டு பாடுகிற சேருக்கு வருகிறேன். அது வீட்டுக்கு அன்பளிப்பாக வந்தது. கிண்ணத்தின் அடியில் இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். ஈரம் இரண்டையும் தொட்டதும் சுற்று மூடி, பாட்டு கிளம்பும், கலர் விளக்கு எரியும். குழந்தை உச்சா போனால் பரிசு கிடைத்த மாதிரி என்பது யோசனை. காகிதத்தில் நல்ல யோசனைதான். பேரன் முதல் பாட்டைக் கேட்டதும் பயந்து எழுந்து நின்றான், மீதி தரையில் போனது. பயம் தெளிந்த பிறகு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டான். குடிக்கக் கொடுத்த டம்ளர் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றினாலும் அதே பாட்டு! உச்சாவை எதற்கு வீணாக்குவது? டம்ளரைத் தூக்கிக்கொண்டு சேருக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடக்க ஆரம்பித்தான். போதாதற்குக் கழுவி வைத்தால் துடைக்காத ஒரு சொட்டுக்கும் பாடும். எல்லோரும் தூங்கிய பிறகு குளியலறையிலிருந்து தனியாகப் பாட்டு வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பாட்டரியைக் கழற்றினேன். உடம்பு உள்ளேயிருந்து கொடுக்கிற சிக்னலைக் குழந்தை கவனிக்கப் பழக வேண்டிய நேரத்தில், வெளியேயிருந்து ஒரு சத்தம் அதை மறைக்கக் கூடாது. அதற்கு 5-க்கு 1. அந்த ஒன்றும் பிளாஸ்டிக் தரத்துக்கு.

பெரிய டாய்லெட் சீட்டின் மேல் மாட்டுகிற சின்ன சீட்டும் ஏணியும் சேர்ந்த செட்டையும் வாங்கினோம். கிண்ணம் கழுவுகிற வேலை இல்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் ஏணியில் ஏறித் திரும்பி உட்காருவதற்குள் அவசரம் காத்திருக்காது. ஏணிப்படி அவன் பாதத்துக்கு எட்டும் உயரத்தில் இல்லாவிட்டால் மறுபடி கால் தொங்கும். தரைச் சேரில் பழகி, கால்சட்டையைத் தானே இறக்கி ஏற்றத் தெரிந்த பிறகு இதற்கு மாறலாம். 5-க்கு 3.

எந்தச் சேரை வாங்கினாலும் பையன் தயாராக இல்லாவிட்டால் அது வெறும் குட்டி நாற்காலிதான். "இவ்வளவு வயசாச்சு, இன்னுமா டயப்பர்?" என்று கேட்டவர்கள் நிறையப் பேர். மகள் வயதைப் பார்க்கவில்லை, பையனைப் பார்த்தாள். 2 மணி நேரம் போல டயப்பர் ஈரமாகாமல் இருக்கிறதா, சின்னச் சின்ன வேலை சொன்னால் புரிந்து செய்கிறானா, ஈரமானால் இழுத்துக் காட்டுகிறானா என்று கவனித்தாள். அவன் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்று, முகத்தைச் சுருக்கி ஆய் போக ஆரம்பித்தபோது "இப்போ தயார்ப்பா" என்றாள். ஒளிந்துகொள்கிறான் என்றால் வருவது அவனுக்கு முன்கூட்டியே தெரிகிறது என்று அர்த்தம். பெர்ரி பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1962-இல் 1,170 குழந்தைகளைப் பற்றிய பதிவுகளை வெளியிட்டார். அவசரப்படுத்தாமல் குழந்தையின் போக்கில் விட்டதில், பகலில் டயப்பர் இல்லாமல் இருக்கப் பழகிய சராசரி வயது 28.5 மாதம். கேள்வி கேட்டவர்களிடம் நான் இந்த எண்ணைச் சொன்னேன். வாயை மூட உதவியது.

சேரை முதலில் குளியலறையில் வைக்கவில்லை. கூடத்தில், அவன் விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். டிரஸ்ஸோடு உட்கார்ந்தான், கரடி பொம்மையை உட்கார வைத்தான். பழகட்டும் என்று விட்டோம். பிறகு சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து உட்கார வைப்போம். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் அசைய ஆரம்பிப்பது உடம்பின் இயற்கை. அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் பிடித்து உட்கார வைப்பதில்லை. வராவிட்டால் "சரி, அப்புறம் பாக்கலாம்" என்று எழுப்பிவிடுவோம்.

மகள் எனக்குப் போட்ட ஒரு சட்டம்: "அப்பா, 'உச்சா வருதா'ன்னு அவன்கிட்ட கேக்காதீங்க. கேட்டா வரலைன்னுதான் சொல்வான். 'வா, சேர்ல உக்காரலாம்'னு கூப்பிடுங்க, வந்துடுவான்." உண்மைதான். இன்னொன்று, தரையில் போய்விட்டால் முகம் சுளிக்கக் கூடாது, திட்டக் கூடாது. திட்டுக்குப் பயந்து அடக்க ஆரம்பித்தால் மலம் கட்டியாகும், போகும்போது வலிக்கும், வலிக்குப் பயந்து இன்னும் அடக்குவான். அந்தச் சுழலில் மாட்டியவர்கள் முதலில் மருத்துவரிடம் காட்டி மலச்சிக்கலைச் சரிசெய்துவிட்டுத்தான் சேர் பக்கம் வர வேண்டும். அதுவரை டயப்பரே போட்டுக்கொள்ளட்டும், குடி முழுகிப் போகாது.

கிண்ணம் தனியாக வருவதில் நான் எதிர்பார்க்காத ஒரு பலனும் கிடைத்தது. பெரிய டாய்லெட்டின் ஃபிளஷ் சத்தம் பேரனுக்கு ஆகாது. தன்னிடமிருந்து வந்த ஒன்றை அந்தப் பள்ளம் உறிஞ்சிக்கொண்டு போவது அவனுக்குப் பிடிக்கவில்லை. கிண்ணத்தை அவனே ஒரு பக்கம் பிடித்து எடுத்துவந்து, "டாட்டா ஆய்!" என்று வழியனுப்பி, அவன் தள்ளி நின்ற பிறகு நான் ஃபிளஷ் செய்வேன். இப்போது பட்டனை அவனே அழுத்துகிறான். என்னைத் தள்ளி நிற்கச் சொல்கிறான்.

ராத்திரிக்கு இந்தச் சேரால் பிரயோஜனமில்லை. தூக்கத்தில் சிறுநீரைக் குறைக்கிற ஹார்மோன் சுரப்பும், பை நிறைந்ததும் விழித்துக்கொள்கிற பழக்கமும் ஒவ்வொரு குழந்தைக்கும் அதனதன் நேரத்தில் வரும், பயிற்சி கொடுத்து வரவழைக்க முடியாது. ஐந்து வயதில்கூடப் படுக்கை நனைக்கும் குழந்தைகள் உண்டு. எங்கள் வீட்டில் ராத்திரி டயப்பர் தொடர்கிறது. பகலில் நன்றாகப் பழகிய குழந்தை திடீரென்று பழையபடி நனைக்க ஆரம்பித்து, வலி, காய்ச்சல், அதிக தாகம் என்று எதுவும் கூட இருந்தால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம்.

பழைய சேர் வாங்கலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக வாங்கலாம், குழந்தை இதைப் பயன்படுத்துவது கொஞ்ச காலம்தான், பெரும்பாலும் புதுசு மாதிரியே கிடைக்கும். கிண்ணத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து விரிசல் இருக்கிறதா பாருங்கள். கவிழ்த்து ரப்பர் பட்டை நான்கும் இருக்கிறதா எண்ணுங்கள். சாதாரணமாக அதுதான் முதலில் தொலையும், ஒன்று குறைந்தாலும் சேர் ஆடும். மூக்கருகில் வைத்து மோந்து பாருங்கள், விற்பவர் ஒருமாதிரிப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். மூடி இல்லை என்றால் அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள்.