டாக்குமெண்டரி யாரு எடுக்கணும்: உள்ளாளா, வெளியாளா?

1970கள்ல சிங்கப்பூரோட செமாக்காவ் தீவுலேர்ந்து மெயின்லேண்டுக்கு மாத்தின ஓராங் லாவுட் (கடல நம்பி வாழ்ந்த பூர்வகுடி) குடும்பங்களப் பத்தி ஒரு டாக்குமெண்டரின்னு வச்சுக்கோங்க, யாரு எடுக்கலாம்? வெளியாளா, அந்த வீட்டுப் பேரப்புள்ளயா?

வெளியாளு எடுத்தா என்ன ஆகும்னு 1922லயே பாத்தாச்சு. ராபர்ட் ஃப்ளாஹர்ட்டிங்கற டைரக்டர் கனடாவோட பனிப்பிரதேசப் பூர்வகுடியான இனுயிட் மக்கள வச்சு ‘நானூக்’ எடுத்தப்ப, அவங்க துப்பாக்கி யூஸ் பண்ணிட்டிருந்தும் ஈட்டிய வச்சு வேட்டையாட வச்சாரு, ஹீரோ பேருகூட நிஜப் பேரு இல்ல. படம் முடிஞ்சா அவரு பாட்டுக்கு கெளம்பிடலாம்.

உள்ளாளு எடுத்தா இந்தக் கூத்து கம்மி. இனுயிட்டுங்க ஊரான இக்லூலிக்ல 1990ல ஆரம்பிச்ச இசுமாங்கற படக் கம்பெனி அவங்களோட இனுக்டிடுட் மொழிலயே படம் எடுத்துக் காட்டுச்சு. ஆனா உள்ளாளுக்கு வேற தலவலி. பாட்டி மனசு விட்டுப் பேசுறது எதிர்ல இருக்கறது பேரன்ங்கறதாலதான், டைரக்டர்ங்கறதால இல்ல, அத அப்படியே ஃபெஸ்டிவல்ல போடலாமா? குடும்பச் சண்டையக் காட்டினா ஹரி ராயா பெருநாளுக்கு எந்த மூஞ்சிய வச்சுட்டு வீட்டுக்குப் போறது, காட்டாம விட்டா அது வெறும் விளம்பரப்படம் லா.

என் ஓட்டு உள்ளாளுக்குத்தான். ஆனா எடிட் பண்ணதும் மொதல்ல குடும்பத்துக்குப் போட்டுக் காட்டணும், வேணாம்னு சொல்ற சீன தூக்கணும், ஃபுட்டேஜ் யாரு கையில இருக்கும்னு ஷூட்டிங்குக்கு முன்னாடியே பேசிடணும்.