பாடகர் குழுவுக்கான குரல் பயிற்சி: தஞ்சையில் மூன்று சனிக்கிழமைகள்

சென்ற ஆண்டு மார்கழிப் பனியில் 7 இரவுகள் வீடு வீடாகக் கேரல் பாடிய பிறகு, கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவின் டெனர் (ஆண்களின் உயர்குரல்) நால்வரில் மூவருக்குக் குரலே எழும்பவில்லை. அந்த வேதனையில்தான், இந்த முறை நவம்பரிலேயே திருச்சியிலிருந்து ஒரு குரல் பயிற்சியாளரைத் தஞ்சாவூருக்கு வரவழைத்து, மூன்று சனிக்கிழமைகளில் மும்மூன்று மணி நேரம் வகுப்பு நடத்தினோம். குழுவில் 22 பேர். ஆளுக்கு 700 ரூபாய் கட்டணம்.

முதல் நாள் அவர் ஒரு பாட்டைக்கூடப் பாடவிடவில்லை. ஆளுக்கொரு தம்ளரில் தண்ணீரும் ஒரு ஸ்ட்ராவும் கொடுத்து, ஸ்ட்ராவின் நுனியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்துக்கொண்டு, குமிழிகள் சீராக எழும்படி 'ஊ' என்று இழுக்கச் சொன்னார். வாய் ஏறக்குறைய மூடியிருப்பதால் உள்ளே தேங்கும் காற்றழுத்தம் குரல்நாண்களை மென்மையாகத் தொட்டுப் பிரியச் செய்கிறது என்று அவர் விளக்கியபோதுதான் இதன் அருமை புரிந்தது. ஐந்து கட்டைச் சுருதியில் (மேற்கத்திய முறையில் G) பாடும் பெண் மேல் ஷட்ஜத்தில் (மேல் 'ஸ') நிற்கையில் அந்த நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 390 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. அவற்றை அழுத்திப் பிடித்துப் பாடினால் வீங்காமல் என்ன செய்யும்? பத்து நிமிடம் இதைச் செய்த பின் பாடியபோது, வழக்கமாக மேல் ஸ்வரங்களில் கழுத்து நரம்பு புடைக்கும் எங்கள் சொப்ரானோக்களின் (உயர்குரலில் பாடும் பெண்களின்) முகம் இயல்பாக இருந்ததை நான் நேரில் கண்டேன்.

இரண்டாம் நாள்தான் இது பாடகர் குழுவுக்கென்றே அமைந்த வகுப்பு என்பது தெளிவாகியது. சுற்றிலும் ஓசை கூடும்போது நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம் என்பது பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்ட் 1911இல் விவரித்த இயல்பு. தோளோடு தோள் ஒட்டி, கீபோர்டின் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்கும் எங்கள் குழுவில், தன் குரல் தனக்கே கேட்காமல் ஒவ்வொருவரும் கத்திக்கொண்டிருந்தோம் என்பதை அன்றுதான் உணர்ந்தோம். ஒரு கை நீள இடைவெளி விட்டு நிற்கவைத்து, ஒலிபெருக்கியைத் தள்ளிவைத்து, நீண்ட வரிகளில் பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கும் இடத்தில் தாம் வாங்காமல் மாற்றி மாற்றி வாங்கவும் பழக்கினார். எந்தச் செலவும் இல்லாத இந்த மாற்றமே எங்களுக்கு அதிகப் பயன் தந்தது.

பனங்கற்கண்டும் மிளகும் தொண்டைக்கு இதமளிக்குமே தவிர, விழுங்குவது எதுவும் குரல்நாண்களைத் தொடுவதில்லை என்றும், நாள் முழுவதும் போதிய தண்ணீர் குடிப்பதே உதவும் என்றும் சொன்னார். தொண்டையைச் செருமுவதையும், குரல் கம்மியபோது கிசுகிசுத்துப் பேசுவதையும் தவிர்க்கச் சொன்னார். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும் என்று வலியுறுத்தியதற்காக அவருக்கு நன்றி சொல்லவேண்டும்.

குறைகளும் உண்டு. குரல் உடையும் வயதில் இருக்கும் எங்கள் சிறுவர்கள் மூவரை டெனர் வரிசையில் நிறுத்தி, எட்டாத ஸ்வரங்களை முயலவைத்தது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. குரல்வளை வளர்ந்துகொண்டிருக்கும் அந்த மாதங்களில், சிரமமின்றி வரும் நாலைந்து ஸ்வரங்களுக்குள் பாடவிடுவதே முறை. பயிற்சிகள் யாவும் நான்கு குரல் ஞானப்பாட்டுகளை ஒட்டியே இருந்தன. தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளை இயற்றிய வேதநாயக சாஸ்திரியார் வாழ்ந்த ஊரில், கீர்த்தனைகளின் கமகங்களை (ஸ்வரங்களின் அசைவுகளை)த் தொண்டையை இறுக்காமல் பாடுவது எப்படி என்பதற்கு அரை மணி நேரம்கூட ஒதுக்காதது ஏமாற்றமே.

ஆயினும், இந்தக் கிறிஸ்துமஸில் அதே 7 இரவுகளுக்குப் பிறகு கரகரப்பு வந்தது ஒருவருக்கு மட்டுமே. லெந்து காலத்துக்கு (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) முன் அதே பயிற்சியாளரை மீண்டும் அழைத்திருக்கிறோம். சிறுவர்களுக்குத் தனி நேரமும் கீர்த்தனைகளுக்கு ஒரு முழு அமர்வும் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருக்கிறோம்.