கறுப்புக் கொம்போஸ்ட் பரல்: சருகு இருந்தால் வாங்குங்கள்

குசினிக் கழிவை எருவாக்க ஹாட்வெயார் கடைகளில் விற்கும் இடுப்பளவு உயரமான கறுப்பு பிளாஸ்டிக் கொம்போஸ்ட் பரலைப் பற்றித்தான் எழுதுகிறேன். அடிப்பாகம் திறந்திருக்கும். மேலே மூடி, சுற்றிவரக் காற்றுத் துளைகள், கீழே எரு அள்ள ஒரு சின்னக் கதவு. மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வளவில் நிற்கிற பரல் மாரியையும் கண்டுவிட்டது, கச்சான் காற்றையும் கண்டுவிட்டது. நல்ல சாமான். ஆனால் சருகு கிடைக்கிற வளவுக்குத்தான் சரிவரும்.

கடையில் இதை யாரும் சொல்வதில்லை. பரலோடு ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை. மரக்கறித் தோல், பழைய சோறு, தேயிலைச் சக்கை எல்லாம் ஈரம் கூடியவை. அவற்றை மட்டும் கொட்டினால் காற்றுப் புகாமல் களியாகி, கூழ்முட்டை நாற்றம் எடுக்கும். ஒரு வாளி குசினிக் கழிவுக்கு இரண்டு, மூன்று வாளி காய்ந்த சருகு போட வேண்டும். எங்களுக்கு மாவிலையும் வேப்பஞ்சருகும் தாராளம். முற்றம் முழுக்கச் சீமெந்து போட்டவர்கள் உமியோ தும்புத்தூளோ தேடிப் போக வேண்டிவரும், மண்புழுவும் கீழிருந்து ஏறி வராது.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கைப்பிடி அள்ளிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் போதும். ஒழுகினால் சருகு போடுங்கள். கச்சான் அடிக்கும்போது உள்ளே எல்லாம் மொறுமொறுவென்று காய்ந்துவிடும், அப்போது அரிசி கழுவின தண்ணீர் ஊற்றுகிறேன். மர நிழலில் வைப்பது நல்லது.

மூடியைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் தட்டையான புழுக்கள் நெளியும். பக்கத்து வீட்டு மச்சாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னகா இது, புழு வைச்சிட்டுதே, கொட்டிவிடு" என்றார். அது கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு. சோறு, பழத்தோல் எல்லாவற்றையும் அரித்துத் தின்றுவிடும். வளர்ந்த ஈயும் வீட்டு ஈ மாதிரிச் சாப்பாட்டில் வந்து குந்தாது. விட்டுவிடுங்கள்.

மீன் குடலையும் இறால் தலையையும் நான் பரலில் போடுவதில்லை. பூனையும் எலியும் மணத்துக்கு வந்துவிடும். தென்னைக்குப் பக்கத்தில் ஒரு முழம் தோண்டிப் புதைக்கிறேன்.

குறை என்றால் அந்தக் கீழ்க் கதவுதான். வெயிலுக்கு நெளிந்துவிட்டது, கம்பி போட்டுக் கட்டியிருக்கிறேன். எலி புகாமல் அடியில் கோழிக்கூட்டு வலையும் விரித்திருக்கிறேன். இந்த விலைக்கு விற்கும் பொருளில் கதவாவது ஒழுங்காகப் பூட்ட வேண்டாமா? மூடியும் லூஸ். வாடைக்காற்றுக்குப் பறக்கும், மேலே கல் வைக்க வேண்டும். மாரி மழை உள்ளே இறங்கினால் எல்லாம் ஊறிப்போகும்.

இவ்வளவு மினக்கெட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. 2022 ஜனவரியில் அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் செத்துக் கிடந்த செய்தி எனக்கு மறக்கவில்லை. சாப்பாட்டு மணத்துக்கு வந்து, அதோடு ஒட்டியிருந்த பொலித்தீனையும் சேர்த்துத் தின்ற யானைகள். எங்கள் வீட்டுக் குப்பைப் பையில் இப்போது சோற்று மணமே இல்லை. கேற்றடியில் வைத்தால் நாயும் கிழிப்பதில்லை.

எரு கருந்தேயிலைத் தூள் போல உதிரியாக வருகிறது. கடற்கரை மணலில் ஒழுங்காக வராத கத்தரியும் மிளகாயும் இப்போது காய்க்கின்றன. ஒன்று நிறைந்து உக்கும்வரை மற்றதில் போடலாம் என்பதால் இன்னொரு பரலும் வாங்கப் போகிறேன். வாங்குகிறவர்கள் கடையிலேயே கதவையும் மூடியையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.