செயின்ட் ஆண்ட்ரூஸா, கார்னூஸ்டியா?

கோல்ஃபின் பழம்பெரும் போட்டியான ஓப்பன் சாம்பியன்ஷிப் நடந்த லிங்க்ஸ் (கடலோர கோல்ஃப் மைதானம்) ஒன்றில் வாழ்நாளில் ஒரு ரவுண்டாவது ஆடிவிட வேண்டும் என்று நினைக்கிற எவருக்கும் முதலில் வாயில் வருவது ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் ஓல்டு கோர்ஸ்தான். நான் அதே ஸ்காட்லாந்தில் இருக்கும் கார்னூஸ்டியைத் தேர்ந்தெடுத்தேன், இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

பெருமையில் ஓல்டு கோர்ஸுக்கு ஈடு கிடையாது. 2022 வரை அங்கே 30 ஓப்பன், கார்னூஸ்டியில் 8. செலவு இரண்டிலும் கையைக் கடிக்கும். கிளப் உறுப்பினராக இருக்க வேண்டிய அவசியம் இரண்டிலும் இல்லை. சரி, அதெல்லாம் தெரிந்ததுதான்.

முடிவு செய்ய வேண்டிய விஷயம் டீ டைம், அதாவது ஆட்டத்தைத் தொடங்க ஒதுக்கப்படும் நேரம். ஓல்டு கோர்ஸில் பெரும்பாலோருக்கு வழி குலுக்கல்தான்: இரண்டு பேர் முதல் நான்கு பேர் வரை சேர்ந்து பெயர் கொடுக்க வேண்டும், ஆட நினைக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்புதான் முடிவு தெரியும். தனியாகப் போகிறவர்களுக்கு முந்தின நாள் வேறொரு குலுக்கல். ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டமே கிடையாது. முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம், ஹோட்டலோடு சேர்த்து பேக்கேஜும் வாங்கலாம், ஆனால் பேக்கேஜின் விலை வேறு கணக்கு. விசா, விமான டிக்கெட், ஆபீஸ் லீவு, கூட வரும் நண்பர்களின் லீவு என்று எல்லாவற்றையும் மாதக்கணக்கில் முன்பே முடித்துவிட்டு, எதற்காகப் போகிறோமோ அதை மட்டும் குலுக்கலுக்கு விடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. கார்னூஸ்டியில் தேதியைப் பார்த்தோம், பணத்தைக் கட்டினோம், வேலை முடிந்தது.

ஆட்டத்திலும் கார்னூஸ்டி குறைந்ததில்லை. ஓல்டு கோர்ஸ் பெரும்பாலும் ஒரு திசையில் போய்த் திரும்பி வருகிற அமைப்பு. கார்னூஸ்டியின் 18 ஹோலில் (பந்தை அடித்துக் குழியில் போடும் ஒவ்வொரு கட்டமும் ஒரு ஹோல்) தொடர்ந்து இரண்டுக்கு மேல் ஒரே திசையில் போகாது, அதனால் காற்றை ஒவ்வொரு டீயிலும் (ஹோல் தொடங்கும் இடம்) புதிதாகக் கணக்குப் போட வேண்டும். அப்புறம் அந்த பாரி பர்ன் ஓடை. அகலம் பெரிதில்லை, ஆனால் இரண்டு கரையிலும் செங்குத்தாகச் சுவர், வளைந்து வளைந்து 17, 18-ஆவது ஹோல் இரண்டையும் வெட்டிக்கொண்டு போகிறது. 1999 ஓப்பனில் பிரெஞ்சு வீரர் ஜான் வான் டி வெல்டே மூன்று ஸ்ட்ரோக் (அடி) முன்னிலையோடு 18-ஆவது டீக்கு வந்து, பந்து ஓடையில் விழ, ஷூவைக் கழற்றி பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றது இங்கேதான். அந்த ஹோலில் 7 அடி எடுத்தார், முன்னிலை போய் ஆட்டம் சமநிலையில் முடிய, அதை முறிக்கும் பிளேஆஃபில் பால் லாரி ஜெயித்தார். அந்தக் கிரீனை (குழி இருக்கும் புல்தரை) பார்த்து நிற்கும்போது இது நினைவுக்கு வராமல் இருக்காது. நான் இரண்டாவது அடியை ஓடைக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு, மூன்றாவதில் தாண்டினேன்.

ஓல்டு கோர்ஸில் நான் ஆடியதில்லை, ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள் என்பதால் நடந்து பார்த்தேன், அவ்வளவுதான். ஃபேர்வேக்கள் (டீக்கும் கிரீனுக்கும் நடுவே உள்ள புல்பாதை) நினைத்ததைவிட அகலம், ஏழு கிரீன்கள் இரண்டிரண்டு ஹோலுக்குப் பொது. பந்தைத் தரையோடு உருட்டி ஆடுகிறவர்களுக்கும் ஹேண்டிகேப் அதிகம் உள்ளவர்களுக்கும் (அதாவது இன்னும் தேர்ச்சி குறைந்தவர்களுக்கும்) அது கார்னூஸ்டியைவிட இரக்கம் காட்டும் என்று தோன்றியது. ஆனால் 17-ஆவது ஹோலில் ரோடு பங்கர் என்ற ஆழமான மணல் பள்ளத்தின் விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தபோது அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஒரு வாரம் தங்க முடிகிறவர்கள் கார்னூஸ்டியை முதலில் உறுதி செய்துகொண்டு, மீதி நாட்களுக்கு ஓல்டு கோர்ஸ் குலுக்கலில் தினமும் பெயர் கொடுக்கலாம். காரில் போனால் இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம்கூட ஆகாது.