பாபி ராஜ்தூத், லூனா, டிவிஎஸ் 50: கடலோரத்தில் எதை வைத்துக் காப்பாற்றலாம்?

பாபி என்று பெயர் வாங்கிய ராஜ்தூத் ஜிடிஎஸ் 175 பைக்குக்கு பிஸ்டன் கிடைக்கும், சீட் கிடைக்காது. லூனாவுக்கு இரண்டுமே கிடைக்கலாம், ஆனால் உங்கள் லூனாவுக்குச் சேருமா என்பது கடைக்காரர் பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரியும். டிவிஎஸ் 50-க்கு உதிரி சுலபம், துருப்பிடிக்காத சேஸிஸ் கிடைப்பதுதான் கஷ்டம். கடலூர், புதுச்சேரிப் பக்கம் பழைய குட்டி வண்டி தேடுகிறவர்களின் கண்ணில் அதிகம் படுபவை இந்த மூன்றும்தான். விலையை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். எந்தப் பாகம் போனால் வண்டி நிரந்தரமாக நின்றுபோகும் என்று பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

முதலில் ஜிடிஎஸ். 1973-இல் வந்த 'பாபி' இந்திப் படத்தில் ஓடியதால் இன்றும் பாபி ராஜ்தூத் என்றே பெயர். மூன்றில் மினி பைக் என்ற சொல்லுக்கு முழுதாகப் பொருந்துவது இது ஒன்றே: சின்ன சக்கரம், தாழ்ந்த சீட், அதற்குள் ஒரு பெரிய வண்டியின் இன்ஜின். இந்த இன்ஜின் சாதாரண ராஜ்தூத் 175-இல் இருப்பதுதான். போலந்தின் எஸ்.எச்.எல். வண்டியிலிருந்து எஸ்கார்ட்ஸ் கம்பெனி எடுத்து, பல வருடம் கிராமம் கிராமமாக விற்றது. அதனால் பிஸ்டன், ரிங், கிளட்ச் பிளேட், பிளாட்டினம் பாயின்ட், கண்டன்சர், ஆயில் சீல் எல்லாம் டெல்லி கரோல் பாக் கடைகளிலும் சென்னை புதுப்பேட்டையிலும் இன்னும் புரள்கின்றன. 'ராஜ்தூத் 175' என்றே கேளுங்கள். 'பாபி' என்று சொன்னால் அதே பொருளுக்கு விலை ஏறிவிடும்.

டேங்க், சீட், மட்கார்டு, ஹேண்டில்பார், சக்கரம், சைடு கவர் ஆகியவை ஜிடிஎஸ்ஸுக்கு மட்டும் உரியவை. இவற்றில் இரண்டு குறைந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுவது நல்லது. தகரத்தில் அடித்துத் தருகிறேன் என்று பட்டறைக்காரர் சொல்வார், தருவார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். இன்னொரு மோசடியும் உண்டு. சாதாரண ராஜ்தூத் சேஸிஸை அறுத்துக் குட்டையாக்கி, ஸ்கூட்டர் ரிம் மாட்டி பாபி என்று விற்கிறார்கள். ஸ்டீயரிங் ஹெட் பக்கமும் ஸ்விங் ஆர்ம் மாட்டும் இடத்திலும் வெல்டிங் தழும்பு தெரிகிறதா என்று பாருங்கள். சேஸிஸ் எண்ணை பெயின்ட் சுரண்டி ஆர்சி புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். டயர் வாங்கும்போது கடைக்காரர் சொல்வதை நம்பாமல், பழைய டயரின் பக்கவாட்டில் அச்சான அளவையும் ரிம்மையும் நேரில் அளந்து வாங்குங்கள்.

லூனா வேறு கதை. பியாஜியோவின் சாவ் மொபெட்டை வைத்துப் புனே கைனெடிக் 1972-இல் கொண்டுவந்தது. அதன் பிறகு டிஎஃப்ஆர், டபுள் பிளஸ், விங்ஸ், மேக்னம், சூப்பர் என்று பெயர்கள் பெருகின. சிக்கலே இதுதான். 'லூனா கார்புரேட்டர் கிட்' என்று போனில் கேட்டு வாங்கினால் பாதி நேரம் வேறொன்று வரும். பழைய பாகத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், கடை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். மூடிய பெட்டியில் 'லூனா' என்று மட்டும் அச்சடித்திருந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது. 2024-இல் வந்த ஈ-லூனா மின்சார வண்டி. பெயரைத் தவிர எதுவும் ஒன்றில்லை, ஒரு போல்ட்டுக்குக்கூட அதை நம்பிப் போக வேண்டாம்.

இந்த வரிசையில் டிவிஎஸ் 50 கவர்ச்சி குறைந்தது. ஆனால் வைத்து ஓட்ட அதுதான் லாயக்கு. 1980-இல் ஓசூரிலிருந்து வந்தது. இரண்டு பேர் உட்காரும் மொபெட் என்பதே அப்போது புதுசு. கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி நெல்லித்தோப்பிலோ ஐம்பது வயதைத் தாண்டிய எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். கேபிள், பிரேக் ஷூ, ரிங், பிளக் எல்லாம் உள்ளூரிலேயே முடிந்துவிடும்.

இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. 'டிவிஎஸ் எக்ஸ்எல்' என்ற ஒரே பெயரில் 50-ஐயும் சேர்த்து மூன்று தலைமுறை ஓடுகிறது. எக்ஸ்எல் சூப்பர் கிட்டத்தட்ட 70 சிசி டூ-ஸ்ட்ரோக், எக்ஸ்எல் 100 ஃபோர்-ஸ்ட்ரோக். எக்ஸ்எல் 100-இன் இன்ஜின் பாகம் எதுவும் 50-க்கு ஆகாது. சூப்பர் சிலிண்டரை 50 வண்டியில் ஏற்றச் சொல்லும் ஆட்களும் உண்டு. ஆர்சியில் 49 சிசி என்று இருக்கும்போது அது தேவையில்லாத தலைவலி.

டிவிஎஸ் வண்டியில் உண்மையான எதிரி மீன். துறைமுகத்திலிருந்து தெருத்தெருவாக மீன் விற்கும் வண்டிகளில் பாதி எக்ஸ்எல்தான். ஐஸ் உருகி உப்புத்தண்ணீர் கேரியர் வழியாக இறங்கி ஸ்விங் ஆர்ம், பின் மட்கார்டு, பின் ரிம், செயின் எல்லாவற்றையும் தின்றுவிடும். மேலே புது பெயின்ட் பளபளக்கும். கேரியருக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் திரும்பி வந்துவிடுங்கள். ஸ்போக்ஸ் நிப்பிளில் வெள்ளைப் பூப்பு இருந்தாலும் எச்சரிக்கை.

மழை வெள்ளத்தில் நின்ற வண்டியும் இதே ரகம். 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் இரண்டிலும் இந்தப் பகுதியில் ஏராளமான வண்டி மூழ்கியது. பிளக்கைக் கழற்றிவிட்டு மேக்னெட்டை (கிராங்க் முனையில் சுழலும் காந்தச் சக்கரம்) கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கரகரவென்றால் கிராங்க் பேரிங் துருப்பிடித்துவிட்டது. டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்கைப் பிரித்துச் சேர்ப்பது பிரஸ் இருக்கும் பட்டறை வேலை. அங்கே சரியாக நேர்படுத்தாமல் விட்டால் இரண்டே மாதத்தில் ஆயில் சீல் போகும்.

ஆயில் சீல் போனால் என்ன ஆகும் என்பது மூன்றுக்கும் பொது. மேக்னெட் பக்கச் சீல் வழியாகக் காற்று உள்ளே போகும், கலவை மெலியும், ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் கத்திக்கொண்டே இருக்கும், கடைசியில் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி சீஸ் ஆகிவிடும். இதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து ஜெட்டை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் வழக்கமான தவறு. கிளம்பும்போது நன்றாக ஓடி, சூடானதும் நின்று, ஆறிய பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆனால் முதல் சந்தேகம் கண்டன்சர் மேல், அடுத்தது காயில். பிளாட்டினம் இடைவெளி 0.4 மி.மீ. அளவில் இருக்கட்டும், ஃபீலர் கேஜ் இல்லாமல் கண்பார்வையில் வைத்தால் டைமிங்கும் நகர்ந்துவிடும். இழுவை இல்லை என்றால் போர் போடுவதற்கு (சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்துவதற்கு) முன் சைலன்சரையும் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் போர்ட்டையும் சுரண்டிப் பாருங்கள், அடைத்திருப்பது கரியாகவே இருக்கலாம். போர் போட்டே ஆக வேண்டும் என்றால் பிஸ்டன் கைக்கு வந்த பிறகே சிலிண்டரை லேத்துக்குக் கொடுங்கள். 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று பெரிய பிஸ்டனுக்கான ஓவர்சைஸ் படிகள் உண்டு. 0.50-க்குக் கடைந்துவிட்டு கடையில் 0.75 மட்டும்தான் இருக்கிறது என்று தெரிந்தால் மறுபடி கடைசலுக்குக் கொடுக்க வேண்டும், அத்தோடு சிலிண்டரின் ஆயுளில் ஒரு படி வீண்.

இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் டியூபையும் கார்க் வைத்த பெட்ரோல் டேப்பையும் கெடுக்கும். அதைவிட முக்கியம், எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் டேங்க்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்யுங்கள். பெட்ரோலில் கலக்கும் டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) லிட்டருக்கு 30 மி.லி., போர் போட்ட முதல் 500 கி.மீ. வரை 40 மி.லி. என்பது கைக்கணக்கு.

துருப்பிடித்த டேங்க்கைத் தூக்கிப் போட வேண்டாம், குறிப்பாக ஜிடிஎஸ் டேங்க்கை. பெட்ரோல் டேப்பைக் கழற்றி ஓட்டையை போல்ட் வைத்து அடைத்து, லிட்டருக்கு 100 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கலந்த வெந்நீரை விளிம்பு வரை ஊற்றி ஒரு இரவு வையுங்கள். மறுநாள் கொட்டிவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் காயவைத்து, டூ-டி ஆயில் கொஞ்சம் விட்டுக் குலுக்குங்கள். இந்தக் கடைசி வேலையைத் தள்ளிப்போட்டால் சாயங்காலத்துக்குள் புதுத் துரு படர்ந்துவிடும்.

இனி பேப்பர். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் முள்ளோடை ஒன்றுதான் எல்லை, ஆனால் ஆர்டிஓ கணக்கில் அது வேறு மாநிலம்போலத்தான். புதுச்சேரியின் பிஒய்-01 வண்டியை கடலூரின் டிஎன்-31 எல்லைக்குள் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது எண் வாங்க வேண்டும்: ஃபாரம் 28-இல் என்ஓசி (தடையில்லாச் சான்று), ஃபாரம் 27-இல் விண்ணப்பம், மேலே வரி. மலிவாகப் பெட்ரோல் போடப் போய்வருவது வேறு, வண்டியை அங்கிருந்து வாங்கிவருவது வேறு. கையால் எழுதிய பழைய ஆர்சி புத்தகம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன் பாருங்கள். ஏறாவிட்டால் என்ஓசியே நகராது. 15 வருடம் கழித்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்சி, அதாவது வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய இருசக்கர வண்டிக்கு 2025 ஆகஸ்ட் முதல் கட்டணம் ரூ.2,000. 50 வருடம் தாண்டி, அசல் உருவம் மாறாமல் இருந்தால் 2021 விதிப்படி பழங்கால (விண்டேஜ்) வண்டிக்கான 'விஏ' எண் கேட்கலாம், ரூ.20,000 கட்டி 10 வருடத்துக்குக் கிடைக்கும். அன்றாடம் ஓட்ட முடியாது என்பதால் முழுதாக இருக்கும் ஜிடிஎஸ்ஸுக்கும் ஆரம்பகால லூனாவுக்கும் மட்டுமே அது பொருந்தும்.

பஜாஜ் எம்80 வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டும், மூன்று கியர் கையில் மாற்றுகிற பொறுமை இருந்தால். மினி புல்லட்டோ பெயரில் மட்டும்தான் மினி, 200 சிசி வண்டி. அதை இந்த வரிசையில் சேர்க்க முடியாது.

வாரத்தில் நாலு நாள் கடைவீதிக்குப் போய்வர டிவிஎஸ் 50. பக்கத்திலேயே லூனா தெரிந்த மெக்கானிக் ஒருவரும், உதிரிக்காகக் கழற்ற அதே மாடல் ஓட்டை வண்டி ஒன்றும் இருந்தால் லூனா. ஜிடிஎஸ்ஸை டேங்க், சீட், சக்கரம், ஆர்சி நான்கும் ஒரே வண்டியினுடையதாக இருந்தால் மட்டும் தொடுங்கள். இன்ஜின் ஜாம் ஆகியிருந்தாலும் பரவாயில்லை. எதை வாங்கினாலும் முதல் ஓட்டத்துக்கு முன் ஆயில் சீல் இரண்டு, பாயின்ட், கண்டன்சர், பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் கேஸ்கட் இவற்றைப் புதிதாக மாற்றிவிடுங்கள். இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கும் அங்கிருந்து ஹெட்லைட்டுக்கும் தனி எர்த் ஒயர் ஒன்று இழுங்கள். 6 வோல்ட் வண்டியில் உப்புக்காற்று முதலில் கெடுப்பது அந்த எர்த்தைத்தான்.