டொயோட்டா 86-க்கு எந்தச் சக்கர நட்டு: எஃகா, அலுமினியமா, டைட்டானியமா?

என் டொயோட்டா 86 ஸ்போர்ட்ஸ் காரில் புது அலாய் சக்கரங்களை ஏற்றப் போன அன்று கடைக்காரர் நான்கு பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தார். கறுப்பு எஃகு நட்டு ஒன்று, சிவப்புச் சாயம் ஏறிய அலுமினியம் ஒன்று, சாவி போட்டுத் திருகும் மெல்லிய நட்டு ஒன்று, நீலமும் ஊதாவும் கலந்த டைட்டானியம் ஒன்று. "எது வேணும்ண்ணே?" என்றார். நிறத்தைப் பார்த்துச் சிவப்பை எடுத்தேன். இந்த அலசலை எழுத வைத்ததே அந்தத் தேர்வுதான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நட்டு என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். சக்கரம் பொருந்தும் நடுப்பாகம் ஹப். அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரையுள்ள கம்பிகள் ஸ்டட்கள். சக்கரத்தின் பாரத்தை ஸ்டட்கள்தான் சுமக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. நட்டு சக்கரத்தை ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தால் வரும் உராய்வுதான் பிரேக், திருப்பம், எஞ்சின் இழுப்பு எல்லாவற்றையும் தாங்குகிறது. 86-க்கு நிறுவனம் சொல்லும் இறுக்கம் 120 நியூட்டன் மீட்டர். 12 மி.மீ. ஸ்டட்டில், வறண்ட மரையில், அது ஏறத்தாழ ஐந்து டன் அழுத்தம். ஒரு சக்கரத்துக்கு ஐந்து ஸ்டட், ஆக மொத்தம் இருபத்தைந்து டன். அந்த அழுத்தம் குறைந்தால் சக்கரம் ஹப்பின் மேல் மயிரிழை அளவு நகர ஆரம்பிக்கும். நகர்ந்தால் ஸ்டட் வளையும், வளைந்து வளைந்து ஒருநாள் முறியும். ஆகவே நான்கு பெட்டிகளிலும் தேட வேண்டியது ஒன்றுதான்: இந்த ஐந்து டன்னை எந்த நட்டு கடைசிவரை விடாமல் பிடிக்கும்?

உலோகத்தைப் பேசுவதற்கு முன்னால் மரை. இந்தக் காரில் பலர் இடறும் இடம் இது. மூக்கில் டொயோட்டா சின்னம் இருக்கிறது. ஆனால் கார் உருவானது ஜப்பானின் குன்மா மாகாணத்தில் உள்ள சுபாரு ஆலையில், அதன் இரட்டையான சுபாரு பிஆர்இசட் காரோடு சேர்ந்து. அதனால் ஸ்டட் சுபாரு அளவு, எம்12×1.25, அதாவது 12 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1.25 மி.மீ. இடைவெளி. டொயோட்டாவின் மற்றக் கார்களில் வழக்கமாக வருவது எம்12×1.5. "டொயோட்டாவுக்கு" என்று கேட்டு வாங்கினால் பெரும்பாலும் 1.5 பெட்டிதான் கைக்கு வரும். அது ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். அந்த இடத்தில் இம்பாக்ட் கன்னை (நட்டை அடித்து இறுக்கும் கடை இயந்திரம்) வைத்தால் நட்டு உள்ளே போய்விடும், ஸ்டட்டின் மரையைத் தின்றுகொண்டே போகும். எந்த நட்டானாலும் முதல் ஐந்தாறு சுற்றை விரலால் மட்டும் ஏற்றிப் பாருங்கள். 2021-இல் வந்த ஜிஆர்86-க்கும் இதே 1.25 மரைதான்.

அடுத்து நட்டு சக்கரத்தில் உட்காரும் முகம். 86-இல் அது 60 டிகிரிக் கூம்பு. வெளியில் வாங்கும் சக்கரங்களிலும் பெரும்பாலும் அதே கூம்புதான் என்பதால் இந்தக் காருக்குத் தலைவலி குறைவு. ஹோண்டாவின் சொந்தச் சக்கரங்களில் முகம் உருண்டை, டொயோட்டாவின் பல சக்கரங்களில் தட்டை வாஷர். கூம்பு நட்டை உருண்டைக் குழியில் போட்டால் ஒரு மெல்லிய வளையக் கோடு மட்டும்தான் தொடும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் சரியான எண்ணைக் காட்டும், அழுத்தம் அங்கே நிற்காது.

சரி, இப்போது பெட்டிகளுக்கு வருவோம்.

அலுமினியம்: என் முதல் தேர்வு

இதை விற்பவர்கள் முதலில் சொல்லும் காரணம் எடை. சுழலும் பாகத்தில் குறையும் ஒவ்வொரு கிராமும் இரண்டு கிராமுக்குச் சமம் என்பார்கள். நானும் நம்பினேன். பிறகு தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ஐம்பது கிராம் எஃகு நட்டை அதே அளவில் 7075 என்ற வலுவான அலுமினியக் கலவையில் செய்தால் பதினெட்டு கிராம் வரும். இருபது நட்டுக்கு மொத்தம் 640 கிராம் மிச்சம். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடைகூட இல்லை.

சுழற்சிக் கணக்கு இன்னும் சுவையானது. 86-இன் ஸ்டட்கள் 100 மி.மீ. வட்டத்தில் இருக்கின்றன, அதாவது அச்சிலிருந்து 50 மி.மீ. தள்ளி. 215/45ஆர்17 டயரின் ஆரமோ ஏறத்தாழ 313 மி.மீ. சுழலும் எடையின் பாதிப்பு தூரத்தின் இருமடியைப் பொறுத்தது. ஐம்பதை 313-ஆல் வகுத்து இருமடி எடுத்தால் நூற்றுக்கு இரண்டரைதான் வருகிறது. ஆக 640 கிராம் குறைப்பு 656 கிராம் குறைத்ததற்குச் சமம், 1280 கிராமுக்கு அல்ல. "இரண்டு மடங்கு" என்பது டயருக்கும் விளிம்புக்கும் பொருந்தும். ஹப்பை ஒட்டி இருக்கும் நட்டுக்குப் பொருந்தாது. எடைக்காக அலுமினிய நட்டு வாங்கும் எண்ணத்தை நான் விட்டது இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான்.

இதனால் அலுமினியம் மட்டமான பொருள் என்று ஆகிவிடாது. ரேஸ் நிறுவனத்தின் டியூரா நட் போன்றவை அடித்து வடித்த 7075 உலோகம். வேலைப்பாடு சுத்தமாக இருக்கும், துரு வராது, சக்கரத்தோடு நிறம் பொருந்தும். சாலையில் மட்டும் ஓட்டி, தன் கையால் இறுக்கி, தன் கையாலேயே கழற்றுகிறவருக்கு அது பல வருடம் உழைக்கும். (போலிகள் நிறைய உலவுகின்றன. பெயர் பொறித்த எழுத்து மழுங்கலாக இருந்தால் விட்டுவிடுங்கள்.)

சிக்கல் இரண்டு இடத்தில். ஒன்று, எஃகு ஸ்டட்டின் மேல் அலுமினிய மரை ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் கொஞ்சம் தேயும். மணல் துகள் சிக்கினால் உரசி ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று சூடு. 7075-டி6 உலோகத்தை ஆலையில் 120 டிகிரி அளவில் பதப்படுத்துகிறார்கள். அதற்கு மேல் திரும்பத் திரும்பச் சூடேறினால் வலு இறங்கும். மலேசியாவின் சிப்பாங் போன்ற கார்ப் பந்தய ஓடுதளத்தில் இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள், இரண்டின் முடிவிலும் கடுமையான பிரேக். 5.543 கி.மீ. சுற்றைப் பத்துத் தடவை ஓட்டி வந்து நின்றால் சக்கரத்தின் நடுப்பகுதியில் கை வைக்க முடியாது.

எனக்கு நடந்தது ஓடுதளத்தில்கூட இல்லை. டயர் மாற்ற ஒரு கடைக்குப் போயிருந்தேன். "கையால போடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வரும்போது இம்பாக்ட் கன் சத்தம். மூன்று மாதம் கழித்துக் கழற்றினால், பின்பக்க இடது சக்கரத்தில் ஒரு நட்டு பாதி வழியில் இறுகி நின்றது. மரை உரசி ஒட்டிப்போயிருந்தது. கடைசியில் ஸ்டட் முறிந்துதான் வெளியே வந்தது. ஒரு ஸ்டட் மாற்ற பிரேக் காலிப்பரையும் டிஸ்க்கையும் கழற்ற வேண்டியிருந்தது, அரை நாள் போயிற்று.

திறந்த முனை எஃகு: இப்போது என் காரில் இருப்பது

இந்த நட்டுகளுக்கான குரோமோலி எஃகின் (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) வலு 7075 அலுமினியத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல். ஓடுதளத்தில் ஏறும் சூடு அதற்குப் பொருட்டே அல்ல. ஸ்டட்டும் எஃகு, நட்டும் எஃகு என்பதால் சூட்டில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு விரியும். வெளியில் கொஞ்சம் துரு எட்டிப் பார்க்கும், நட்டின் மேல் மாட்டித் திருகும் சாக்கெட் படும் இடத்தில் கறுப்புப் பூச்சு உரியும். அழகு எதிர்பார்ப்பவருக்கு அது உறுத்தும், எனக்கு இல்லை.

முனை திறந்திருப்பதுதான் இதில் பெரிய லாபம். ஸ்டட்டின் நுனி நட்டைத் தாண்டி வெளியே வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். மரை ஈடுபடும் நீளம் குறைந்தது ஸ்டட்டின் விட்டம் அளவாவது வேண்டும். 12 மி.மீ. என்றால் 1.25 மரையில் பத்துச் சுற்று. சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே ஐந்து மி.மீ. ஸ்பேசர் தகடு ஒன்றைச் சொருகினால் நான்கு சுற்று காணாமல் போகும். மூடிய நட்டில் அது வெளியே தெரியாது.

மூடிய நட்டின் இன்னொரு ஆபத்து எதிர்த் திசையில் வரும். நீள ஸ்டட் போட்ட காரில் மூடிய நட்டை இறுக்கினால் ஸ்டட்டின் நுனி உள்ளே போய் மூடியில் முட்டும். ரென்ச் 'டக்' என்று சொல்லும், 120 வந்துவிட்டது என்று நாம் நம்புவோம். ஆனால் சக்கரம் அழுத்தப்பட்டே இருக்காது. நீள ஸ்டட்டுக்குத் திறந்த நட்டு மட்டும்தான் போட வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ப்ராஜெக்ட் கிக்ஸ், ரேஸ், முடெக்கி எல்லோரிடமும் இந்த வகை உண்டு. ரேஸின் 17 மி.மீ. அறுகோண எஃகு நட்டு இந்தக் காருக்கு நன்றாகப் பொருந்தும். காரோடு வருவது 19 மி.மீ. நட்டு. சில சக்கரங்களில் நட்டுக் குழி குறுகலாக இருப்பதால் 19 சாக்கெட்டின் சுவர் அலாயைச் சுரண்டும். 17 என்றால் அந்தக் கவலை இல்லை.

காரோடு வந்த நட்டையே போடலாமா?

மரை, கூம்பு, குழியின் அகலம் மூன்றும் ஒத்துப்போனால் தாராளமாக. எடையோ வலுவோ எதிலும் அது குறைந்ததில்லை. சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்கு நான் சொல்வது இதுதான், அந்தப் பணத்துக்கு நல்ல டார்க் ரென்ச் வாங்குங்கள். நான் வேண்டாம் என்பது வேறு சில கார்களில் வரும் நட்டை. எஃகின் மேல் பளபளப்பான மெல்லிய தகட்டு உறை போட்டிருப்பார்கள். உறைக்கு அடியில் துரு ஏறி அது உப்பும். பஞ்சரான இரவில் வண்டியில் இருக்கும் சாக்கெட் அதில் ஏறாது.

சாவி நட்டு, இரட்டைப் பாக நட்டு

வெளியே பற்கள் வெட்டி, தனிச் சாவி போட்டுத் திருகும் எஃகு நட்டு, குழி மிகக் குறுகலான சக்கரங்களுக்குச் சரியான தீர்வு. மெக்கார்ட், கொரில்லா இரண்டும் இதில் பழைய கைகள். நட்டில் குறை இல்லை, சாவியில்தான் கவனம் வேண்டும். சுவர் மெல்லியது, இம்பாக்ட் கன்னில் விரிசல் விடும். தொலைந்தால் சாலையோரத்தில் எவராலும் உதவ முடியாது. வாங்கும்போதே இரண்டு சாவி வாங்கி ஒன்றை வண்டியில் வைத்துவிடுங்கள்.

கிக்ஸின் லெக்டுரா போன்றவற்றில் உள்ளே எஃகு, வெளியே தானாகச் சுழலும் அலுமினிய உறை. இடுக்கி போட்டுத் திருக முடியாது என்பதால் திருட்டுக்கு நல்ல தடை. விலை உயர்ந்த சக்கரத்தைத் தெருவில் நிறுத்த வேண்டியவருக்கு இதைச் சொல்வேன்.

டைட்டானியம்

நூற்றுக்கு ஆறு பங்கு அலுமினியமும் நான்கு பங்கு வனேடியமும் கலந்த டைட்டானியம். எஃகுக்கு இணையான வலு, எடை எஃகில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல், துரு என்ற பேச்சே இல்லை. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. விலை எஃகைப் போலப் பல மடங்கு. எடை மிச்சம் அலுமினியத்தைவிடக் குறைவு என்பதால், மேலே போட்ட கணக்கு இதை இன்னும் பலமாக அடிக்கிறது. அதோடு, எஃகின் மேல் வறண்டு ஏறினால் டைட்டானிய மரை ஒட்டிக்கொள்ளும் குணம் உடையது, பசை பூசியே ஆக வேண்டும்.

பசை என்றதும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 120 என்ற எண் வறண்ட மரைக்கானது. மரையில் கிரீஸ் பூசி அதே 120-க்கு இறுக்கினால் உராய்வு குறைந்து, ஐந்து டன் ஏழு டன்னை நெருங்கும். 10.9 என்ற வலுத் தரத்து எம்12×1.25 ஸ்டட் நிரந்தரமாக நீளாமல் தாங்கும் எல்லை ஏறத்தாழ எட்டு டன்தான். நன்றாக வழுக்கும் பசை என்றால் அதையும் தாண்டிவிடும். போர்ஷே தன் சக்கர போல்ட்டுகளுக்குப் பசை பூசச் சொல்கிறதே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், ஆனால் அவர்கள் தரும் இறுக்க எண்ணே அந்தப் பசையை வைத்துச் சொன்னது. டைட்டானியம் வாங்கினால் நட்டுத் தயாரிப்பாளர் சொல்லும் பசையையும் எண்ணையும் சேர்த்தே பின்பற்றுங்கள்.

என் காரில் இப்போது இருபதும் 17 மி.மீ. திறந்த முனை எஃகு நட்டு, மரை வறண்டு, கம்பித் தூரிகையால் துடைத்துச் சுத்தமாக. புதுச் சக்கரம் போட்ட பிறகு நூறு கிலோமீட்டரில் ஒருமுறை சோதித்தேன், இரண்டு நட்டு கால் சுற்று வாங்கின. புதுச் சாயம் நட்டின் கீழே நசுங்குவதால் அது வழக்கம். ஓடுதள நாளில் ஒவ்வொரு முறை தளத்தில் இறங்குவதற்கு முன்னாலும், சக்கரம் ஆறிய பிறகு, 120-இல் ரென்ச் வைக்கிறேன். சூட்டில் வைப்பதில்லை. அலாய் விரிந்து அழுத்தம் ஏறியிருக்கும் நேரத்தில் ரென்ச் உண்மையைச் சொல்லாது.

முறிந்த ஸ்டட்டுக்குப் பதில் போடும்போது மற்ற நான்கையும் சேர்த்து மாற்றிவிட்டேன். ஒன்று முறிந்த ஹப்பில் பக்கத்து ஸ்டட்களும் அதே அடியை வாங்கியிருக்கும். வேலை பிடித்த நேரத்தோடு பார்த்தால் நான்கு ஸ்டட்டின் விலை பெரிதில்லை.